கதைமாந்தர் யாருக்கு உரியர்?

ஒரு கதைமாந்தர் யாருக்கு உரியர்? படைத்த ஆசிரியருக்கா, அச்சிட்டு விற்கும் பதிப்பகத்தாருக்கா, அன்றிக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணுங் கருத்துமாய்ப் படித்து நெஞ்சில் இருத்திய வாசகருக்கா? இவ்வினா நீதிமன்றத்தில் எழுமாயின் விடை எளிது. உரிமைப் பத்திரம் எவர் கையில் உள்ளதோ அவருக்கே உரியர் என்று நீதிபதி ஒரு வரியில் முடித்துவிடுவார். ஆயினும், சட்டம் தீர்த்து வைக்கும் வழக்குகளையெல்லாம் உள்ளம் தீர்ந்தனவாக ஏற்றுக்கொள்வதில்லை. தீராத அத்தகைய வழக்கொன்றையே நம் கல்லூரி மலரின் வாசகர் முன்னிலையில் ஈண்டு வைக்கப் புகுகின்றேன்.

வழக்கின் பொருள் ஒரு சித்திரக் கதைத் தலைவி. “சித்திரக் கதையைப் பற்றியா கல்லூரி மலரில் எழுதுவது?” என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சிலர் இருத்தல் கூடும். அவர்களுக்கு யான் கூறுவது இதுவே. நாவல் படிப்பது காலத்தைக் கொல்லும் செயல் என்று நம் முன்னோர் பலர் எண்ணிய நாளும் உண்டு. இன்று நாவல்கள் பாடப்புத்தகங்களாய் நம் மேசைமேல் கிடக்கின்றன. ஒரு நூலின் தகுதியை அதன் வடிவத்தைக் கொண்டு அளத்தல் முறையன்று. அது படிப்பவர் உள்ளத்தில் செய்யும் வேலையைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

மேலும் இவ்வழக்குப் புதியதும் அன்று. 1893-ஆம் ஆண்டில் கானன் டாயில் என்பார் தாம் படைத்த துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைச் சுவிட்சர்லாந்து நாட்டு நீர்வீழ்ச்சி ஒன்றில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் மனம் ஆறவில்லை. 1901-இல் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது போல ஹோம்ஸ் மீண்டும் ஏட்டில் தோன்றினார். 1903-இல் அவர் இறக்கவே இல்லை என்று ஆசிரியரே எழுத நேர்ந்தது. ஆனால் அங்கே கொன்றவரும் உயிர்ப்பித்தவரும் ஒருவரே. யான் கூறப்போகும் வழக்கில் படைத்தவர் ஒருவர், வீழ்த்தியவர் ஒருவர், தூக்கி நிறுத்தியவர் வேறொருவர், மாற்றியமைக்கக் கட்டளையிட்டவர் இன்னொருவர். இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

அமெரிக்க நாட்டுச் சித்திரக் கதைகள் ஒருவர் தனித்திருந்து எழுதி முடிக்கும் நாவல் போன்றன அல்ல. அவை பெரும்பாலும் மாதந்தோறும் மெல்லிய சுவடிகளாய் வெளிவருவன. கதையை ஒருவர் எழுதுவார். ஒருவர் பென்சிலால் வரைவார். மற்றொருவர் அதன்மேல் மையிடுவார். வண்ணந் தீட்டுவார் ஒருவர். எழுத்துப் பொறிப்பார் ஒருவர். இவர்கள் அனைவர்க்கும் மேலே பதிப்பாசிரியர் வீற்றிருப்பார். எவர் எழுதுவது, எவர் வரைவது, எவர் வாழ்வது, எவர் சாவது என்பவற்றையெல்லாம் இசைவளித்துத் தீர்மானிப்பவர் அவரே. ஒரு நிறுவனத்தின் வீரர் பலரும் ஒரே உலகில் உலவுவதாக வைத்திருப்பதால், ஓர் ஏட்டில் கையொடிந்தவன் மறு ஏட்டில் அக்கையால் மலையைத் தூக்காதவாறு பார்த்துக்கொள்வதும் அவர் கடமை.

உரிமையோ பெரும்பாலும் நிறுவனத்தினுடையது. 1938-ஆம் ஆண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் சூப்பர்மேன் என்னும் வீரனைப் பதிப்பகத்தாருக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர் என்பது யாவரும் அறிந்த செய்தி. படைத்தவர் போவர், படைக்கப்பட்டவன் இருப்பான். அவனுக்கு வயதும் ஏறாது. ஐம்பது அறுபது ஆண்டுக் கதைகள் அவன் முதுகில் மூட்டையாய் ஏறிப்போனால், ஒருநாள் நிறுவனத்தார் அம்மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, “இன்று முதல் கதை புதிதாய்த் தொடங்குகின்றது” என்று அறிவிப்பர். டி.சி. நிறுவனத்தார் 1985-86-ஆம் ஆண்டுகளில் ஒரு முறையும் 2011-ஆம் ஆண்டில் மற்றொரு முறையும் இவ்வாறு செய்தனர்.

இனி நம் தலைவியின் வரலாற்றிற்கு வருவோம்.

பார்பரா கார்டன் என்பவள் 1967-ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 359-ஆம் இதழில் பிறந்தாள். கதை எழுதியவர் கார்டினர் ஃபாக்ஸ். வரைந்தவர் கார்மைன் இன்ஃபன்டினோ. பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். அவள் காத்தம் நகரப் போலீஸ் கமிஷனரின் மகள்; பகலில் நகர நூலகத்தின் தலைவி; இரவில் பேட்கேர்ல் என்னும் பெயருடன் முகமூடி தரித்துத் தீயோரை அடக்குபவள். அப்பொழுது பேட்மேன் கதை தொலைக்காட்சியில் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்னும் தேவையே இவளைத் தோற்றுவித்தது. அதே ஆண்டில் இவோன் கிரெய்க் என்னும் நடிகையார் அவ்வேடம் தாங்கித் தொலைக்காட்சியில் தோன்றினார். ஆகவே இவள் பிறப்பே வணிகக் கணக்கில் விளைந்தது. இதனை யான் மறைக்கவில்லை. வணிகத்தில் பிறந்தது உயர்வடையாது என்று கூறுவதற்கில்லை.

காலம் செல்லச் செல்ல அவளும் வளர்ந்தாள். 1972-இல் வெளிவந்த கதையொன்றில் முகமூடியைக் களைந்துவிட்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராய்த் தேர்ந்தெடுக்கப்படுகின்றாள். 1985-86-ஆம் ஆண்டு மாற்றத்திற்குப்பின், 1987-இல் அவள் வரலாறு திருத்தி எழுதப்பட்டது. கமிஷனரின் மகளாயிருந்தவள் அவர் வளர்த்த உறவினர் மகளானாள். இம்மாற்றத்தினால் எவரும் பெரிதும் துன்புற்றதாகத் தெரியவில்லை. உறவு முறை மாறிற்றேயன்றி, ஆள் மாறவில்லை.

1988-ஆம் ஆண்டில் பெருங்கேடு நிகழ்ந்தது. ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைய, ‘தி கில்லிங் ஜோக்’ என்னும் தனிநூல் வெளிவந்தது. சித்திர அழகிலும் கதைக் கட்டிலும் சிறந்த நூல் என்று இன்றும் புகழப்படுவது அது. அதில் ஜோக்கர் என்னும் கொடியோன் மாலைப்பொழுதில் கமிஷனர் வீட்டுக் கதவைத் தட்டுகின்றான். கதவைத் திறந்தவள் பார்பரா. அவன் சுட்ட குண்டு அவள் முதுகுத்தண்டைத் துளைக்கின்றது. இடுப்பின் கீழ் உணர்வற்று வீழ்ந்த அவள் நிலையைப் படமெடுத்து, அப்படங்களை அவள் தந்தைக்குக் காட்டி அவரைப் பித்தராக்க முயல்கின்றான்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கதையில் ஒருவர் துன்புறுதல் குற்றமன்று. துன்பமில்லாத காவியம் உலகில் ஏது? குற்றம் யாதெனின், அத்துன்பம் அவள் கதையாக ஆக்கப்படவில்லை என்பதே. தந்தையின் மனவலிமையைச் சோதிப்பதற்கும், பேட்மேனின் சினத்தை மூட்டுவதற்கும் அவள் உடல் ஒரு கருவியாயிற்று. அவள் என்ன நினைத்தாள், எவ்வாறு பொறுத்தாள், மறுநாட் காலை எவ்வாறு விழித்தாள் என்று அந்நூல் கேட்கவேயில்லை. இருபத்தொரு ஆண்டுகளாக வாசகர் அறிந்திருந்த ஒருத்தியை இவ்வாறு செய்வதற்குப் பதிப்பாசிரியர் இசைவும் கிடைத்தது. பிற்காலத்தில் மூர் அவர்களே, அங்குத் தம்மைத் தடுத்திருக்க வேண்டும் என்னும் கருத்துப்பட வருந்திப் பேசியுள்ளார்.

நிறுவனத்தாரைப் பொறுத்தவரை அவள் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஜான் ஆஸ்ட்ராண்டர் என்னும் எழுத்தாளரும் அவர் மனைவியார் கிம் யேல் அவர்களும் அக்கணக்கை முடிந்ததாகக் கொள்ளவில்லை. ஒரு பெண்ணை இவ்வாறு உடைத்து மூலையில் எறிதல் தகாது என்று அவர்கள் கருதினர். நேர்ந்ததை இல்லையென்று ஆக்காமல், நேர்ந்தபின் அவள் என்ன ஆவாள் என்று வினவினர். 1989-ஆம் ஆண்டு ஜனவரித் தேதியிட்ட ‘சூயிசைட் ஸ்குவாட்’ 23-ஆம் இதழில், கணிப்பொறி வழியாகச் செய்தி தரும் முகமறியா ஒருவர் ‘ஆரக்கிள்’ என்னும் பெயருடன் தோன்றினார். பழைய கிரேக்க நாட்டில் வருவதுரைக்கும் கோயிற்பெண்டிருக்கு வழங்கிய பெயர் அது. அவ்வாரக்கிள் வேறெவருமல்லள், சக்கர நாற்காலியில் அமர்ந்த பார்பரா கார்டனே என்பது 1990-இல் வெளிப்பட்டது.

இந்த இடத்தில் அன்பர்கள் சற்று நின்று சிந்திக்குமாறு வேண்டுகின்றேன். புதிதாய் வந்தவர்கள் அவளுக்கு ஒரு புது ஆற்றலை வானத்திலிருந்து இறக்கித் தரவில்லை. அவள் நூலகத் தலைவி. படித்ததை மறவாத நினைவாற்றல் உடையவள். அவ்விரண்டும் முன்பே அவளிடம் இருந்தவை. கூரைவிட்டுக் கூரை தாவும் வேடத்தின் பின்னே மறைந்துகிடந்தவை. கால்கள் ஓய்ந்தபோது அவை முன்னே வந்தன. மணிக்கூண்டு ஒன்றின் உச்சியில் அமர்ந்து, உலகெங்குமிருந்து வரும் செய்திகளைத் திரட்டி, எந்த வீரன் எங்கே செல்லவேண்டும் என்று வழிகாட்டும் அறிவின் அரசியானாள். பேட்மேனே அவளிடம் வந்து கேட்டு அறிந்துகொள்ளும் நிலை உண்டாயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தவாறே தற்காத்துக்கொள்ளக் கோற்போரும் பயின்றாள்.

1996-இல் ஆஸ்ட்ராண்டரும் யேலும் இணைந்தெழுதிய சிறுகதையொன்று, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து ஆரக்கிள் ஆகும் வரை அவள் கடந்த ஓராண்டை அவள் வாய்மொழியாகவே கூறிற்று. 1988-இல் கேட்கப்படாத வினாவுக்கு அவள் விடையிறுத்தாள். அதே 1996-இல் சக் டிக்ஸன் அவர்கள் ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ என்னும் கதையைத் தொடங்கினார். 1999 முதல் அது மாத ஏடாயிற்று. 2003 முதல் கெயில் சிமோன் அம்மையார் அதனை எழுதினார். அதற்கிடையே 1999-இல் கசாண்ட்ரா கேன் என்னும் பேசத் தெரியாத சிறுமி புதிய பேட்கேர்ல் ஆனாள். அவளுக்குத் துணைநின்றவள் ஆரக்கிள். இவ்வாறாக, விட்டுச்சென்ற வேடத்தைக் கண்டு ஏங்குபவளாக அல்லாமல், அதனை இளையவளுக்கு அளித்து மேற்செல்பவளாகப் பார்பரா உயர்ந்தாள்.

யான் இக்கல்லூரியில் பயின்ற காலத்தில் என்னுடன் பயின்ற தோழியார் ஒருவர், பள்ளிப் பருவத்தில் மாடிப்படியினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தமையால், சக்கர நாற்காலியிலேயே வகுப்பிற்கு வருவார். அந்நாளில் எங்கள் நூலகம் மாடியில் இருந்தது. அவருக்கு வேண்டிய நூல்களைத் தாளில் எழுதித் தருவார். யாங்கள் எடுத்துவந்து கொடுப்போம். தாமே அலமாரியின் முன் நின்று புரட்டிப் பார்த்து ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும் இன்பம் அவருக்கு மூன்றாண்டுகளும் கிடைக்கவில்லை என்பதை, யான் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன், அக்காலத்தில் யாங்கள் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அவர் ஒருநாள் எனக்கு ஒரு சுவடியைக் கொடுத்தார். கடல் கடந்து வாழும் அவருடைய தாய்மாமன் அனுப்பிய ஆரக்கிள் கதை அது. “படித்துப் பார். இவளை யாரும் இரக்கத்தோடு பார்ப்பதில்லை, வேலை இருந்தால் கூப்பிடுகின்றார்கள்” என்றார். அவ்வொரு சொல்லில் அவருடைய மூன்றாண்டுக் கல்லூரி வாழ்வு முழுதும் அடங்கியிருந்ததை யான் உணர்ந்தது பின்னரே. அவரிடமிருந்த சுவடிகள் அனைத்தையும் அவ்வாண்டு விடுமுறைக்குள் படித்து முடித்தேன். ஆரக்கிளிடம் எனக்குண்டான பற்று அவர் தந்த கொடை.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டி.சி. நிறுவனத்தார் தங்கள் ஏடுகளையெல்லாம் நிறுத்தி, 52 ஏடுகளை முதல் இதழிலிருந்து புதிதாய்த் தொடங்கினர். அவற்றுள் ஒன்று ‘பேட்கேர்ல்’. அதன் தலைவி பார்பரா கார்டன். நடக்கின்றாள், ஓடுகின்றாள், கூரை தாவுகின்றாள். ஜோக்கர் சுட்டது உண்மை. மூன்றாண்டுகள் நாற்காலியில் இருந்தாள். பின்னர்த் தென்னாப்பிரிக்க மருத்துவ நிலையமொன்றில் பெற்ற சிகிச்சையால் நலமுற்றாள் என்று காரணம் கூறப்பட்டது. அச்செய்தி வந்த வாரத்தில் என் தோழியாரிடம் யான், “உங்கள் பார்பரா எழுந்து நடக்கின்றாளாமே!” என்று மகிழ்ச்சி கூறுவதாக எண்ணிக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “ஓடுகிறவர்கள் உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு இருந்தவள் ஒருத்தி” என்றார்.

இக்கட்டுரைக்கு வித்து அச்சொல்லே. ஆயினும், எதிர்த்தரப்பு வாதத்தைக் கேளாமல் தீர்ப்புரைத்தல் நேர்மையன்று. மாற்றம் செய்தோர் பக்கத்து நியாயங்களும் எளியன அல்ல.

முதலாவது, புதிய வாசகர் வேண்டும். பேட்கேர்ல் என்றவுடன் உலகத்தார் நினைவில் எழுபவள் பார்பராவே. வாசகர் தொகை குன்றிவரும் தொழிலில், அறிந்த பெயரை அறிந்த வேடத்தில் நிறுத்துதல் நிறுவனத்தார்க்கு இன்றியமையாததாகத் தோன்றியிருக்கும். இரண்டாவது, முறைமை பற்றிய வாதம். 1993-இல் பேட்மேனுடைய முதுகெலும்பும் முறிக்கப்பட்டது. அவன் 1994-இல் எழுந்து நடந்துவிட்டான். இறந்தோரும் மீளும் அவ்வுலகில் இவள் ஒருத்தி மட்டும் எழாதிருப்பதற்கு யாது காரணம்? அவளை நாற்காலியில் இருத்தி வைத்திருப்பதே அநீதியன்றோ? மூன்றாவது, புதிய ஏட்டை எழுதியவர் ஆரக்கிளைப் பல்லாண்டு பேணி வளர்த்த கெயில் சிமோன் அம்மையாரே. அவர், கதவு தட்டும் ஓசை கேட்டால் நடுங்குபவளாகவும், பிறர்க்குக் கிட்டாத நலம் தனக்குக் கிட்டியதே என்று உள்ளுறக் கூசுபவளாகவும் அவளை எழுதினார். கட்டளையை ஏற்றாலும் கருணையைக் கைவிடாமல் எழுதினார் என்பதில் ஐயமில்லை.

இவ்வாதங்களுள் இரண்டாவது வலிமையுடையது. அதனை யான் இவ்வாறு எதிர்கொள்வேன். பேட்மேன் வீழ்ந்ததும் எழுந்ததும் ஒரே கதையின் இரு பகுதிகள். அவன் எழுவான் என்பது வீழும்போதே வகுக்கப்பட்டது. பார்பராவின் கதை அவ்வாறன்று. அவள் எழாமலிருந்த இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்த காலமன்று; வாழ்ந்த காலம். பட்டம், பதவி, தோழமை, பகை, காதல், வெற்றி யாவும் அக்காலத்தில் அவளுக்குக் கிட்டின. அதனை ‘மூன்றாண்டு நோய்’ என்று சுருக்கியது, அவளுக்கு நலம் அளித்ததாகாது. அவள் வாழ்ந்த வாழ்வை வெறும் நோய்க்காலம் என்று அழித்ததாகும். நாற்காலியிலிருந்து எழுந்தது குற்றமன்று. எழுந்தாலன்றி அவள் முழுமையுடையவள் அல்லள் என்னும் எண்ணம் அதன் பின்னே நின்றதே குற்றம்.

முதல் வாதத்திற்கும் ஒரு விடையுண்டு. அப்பொழுது பேட்கேர்ல் இல்லாத குறை ஏதுமில்லை. 2009 முதல் ஸ்டெஃபனி பிரவுன் என்னும் மற்றொரு பெண் அவ்வேடத்தில் நகைச்சுவையும் துணிவுமாய் வலம்வந்துகொண்டிருந்தாள். இருபத்துநான்கு இதழ்களில் அவளுக்கென ஒரு வாசகர் கூட்டமும் சேர்ந்திருந்தது. 2011-இல் அவ்வேடு நின்றது. அவளும், அவளுக்கு முன்னிருந்த கசாண்ட்ராவும் சில ஆண்டுகள் அக்கதையுலகிலேயே காணப்படவில்லை. ஸ்டெஃபனி 2014-இலும் கசாண்ட்ரா 2015-இலும் மீண்டனர். மீண்டபோது அவர்களுக்குப் பழைய வரலாறு இல்லை. ஒருத்திக்கு வேடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக மூவர் வாழ்வு அழிக்கப்பட்டது என்றால் அது மிகையன்று.

அங்ஙனமாயின், இவற்றையெல்லாம் வாசகரே தீர்மானித்தல் நன்றோ? அன்று என்பதே என் கருத்து. அதற்கும் சான்று அதே நிறுவனத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1988-இல் பேட்மேனின் இளந்துணைவனான ஜேசன் டாட் பிழைப்பதா இறப்பதா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்பிற்கு விட்டனர். ஓர் அழைப்பிற்கு 50 சென்ட் கட்டணம். பிழைக்க வேண்டும் என்றோர் 5,271. இறக்க வேண்டும் என்றோர் 5,343. எழுபத்திரண்டு வாக்கு வேறுபாட்டில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். ஒருவரே பலமுறை அழைக்கலாம் என்றிருந்தபடியால், அது வாசகர் தீர்ப்பா, பணப்பையின் தீர்ப்பா என்று கூறுவதும் அரிது. ஆரவாரத்தினால் ஆளப்படும் கதை, அதிகாரத்தினால் ஆளப்படும் கதையைக் காட்டிலும் மேலானதென்று கூற இயலாது.

ஆனால் வாசகர் குரலுக்கு வேறொரு பயன் உண்டு. அது ஆணையாகாது, சாட்சியாகும். 2012 டிசம்பரில் சிமோன் அம்மையாரை அவ்வேட்டிலிருந்து நீக்கியதாகச் செய்தி வந்தது. வாசகர் எழுப்பிய குரல் கேட்டு அம்மாதத்திற்குள்ளாகவே அவரை மீண்டும் அமர்த்தினர். 2015 மார்ச்சில், ஜோக்கர் அருகே பேட்கேர்ல் கண்ணீர் வடித்து நிற்கும் மேலட்டைப் படமொன்று அறிவிக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டுக் காயத்தை மீண்டும் விற்பனைச் சரக்காக்குவதோ என்று பலர் வருந்தினர். அப்படத்தை வரைந்த ரஃபயேல் அல்புகெர்க்கி அவர்களே, அதனை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொள்ள, நிறுவனத்தாரும் விலக்கிக்கொண்டனர். ஆணையிட்டு எவரும் அவரை வளைக்கவில்லை. தம் படம் பிறர்க்கு எவ்வாறு படுகின்றது என்பதைக் கேட்டறிந்து அவரே முடிவு செய்தார். வாசகரும் கலைஞரும் ஒருவரையொருவர் நடத்த வேண்டிய முறை இதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

மாற்றமே கூடாது என்று வாதிப்பவன் அல்லேன். நம் கம்பநாடர் வான்மீகியாரின் கதையை எடுத்துக்கொண்டு எத்தனை இடங்களில் மாற்றியுள்ளார்! வடமொழிக் காவியத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான்; கம்பர் காவியத்தில் அவளைத் தீண்டாமல், இருந்த நிலத்தோடும் சாலையோடும் பெயர்த்துச் செல்கின்றான். அம்மாற்றத்தினால் சீதையின் பெருமை குறைந்ததா? தமிழ் மக்கள் உள்ளத்திற்கு அவள் இன்னும் அணுக்கமானாள். கம்பர் மாற்றியது நிகழ்ச்சியை, சீதையை அன்று. ஆஸ்ட்ராண்டரும் யேலும் செய்ததும் அவ்வகைப்பட்டதே. 2011-இல் நேர்ந்ததோ, நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு ஆளை மாற்றிய செயல்.

ஆகவே, ஒரு கதைமாந்தரை மாற்றப் புகும் பதிப்பாசிரியர் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும் என்பேன். இம்மாற்றம் கதையின் உள்ளிருந்து விளைகின்றதா, விற்பனை அறையிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றதா? வந்தது எங்கிருந்தாயினும், முன்பு வாழ்ந்த வாழ்வை இது மதிக்கின்றதா, இல்லையென்று மறுக்கின்றதா? இதனால் வரும் இழப்பு எவர் தலையில் விழுகின்றது. ஏற்கெனவே பலவற்றை உடையவர் தலையிலா, இதொன்றே உடையவர் தலையிலா? மூன்றாவது வினாவே தலையாயது. பலர்க்கு ஒரு வீரன் போனால் மற்றொருவன் உண்டு. சிலர்க்கு அவ்வாறில்லை. அச்சிலருடைய குரல் விற்பனைக் கணக்கேட்டில் ஒருபோதும் பெரிய எண்ணாக எழாது. அதனாலேயே அதனைத் தேடிக் கேட்பது பதிப்பாசிரியர் கடமையாகின்றது.

பிற்கதையையும் கூறிவிடுகின்றேன். 2021-ஆம் ஆண்டளவில் நிறுவனத்தார் ஒருவகை உடன்பாட்டிற்கு வந்தனர். முதுகில் பொருத்திய கருவியின் உதவியால் நடக்கும் பார்பரா, அதனைக் காத்துக்கொள்ள வேண்டியவளாய், மீண்டும் ஆரக்கிளாக அமர்ந்து வழிகாட்டத் தொடங்கினாள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘பேட்கேர்ல்ஸ்’ என்னும் ஏட்டில் கசாண்ட்ராவும் ஸ்டெஃபனியும் அவளுடன் சேர்ந்தனர். அழிக்கப்பட்ட மூவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கண்டு பழைய வாசகர் மகிழ்ந்தனர். யானும் மகிழ்ந்தேன். ஆயினும், அது அறுந்ததை முடிந்தது. முடிச்சு கைக்குத் தட்டுப்படத்தான் செய்கின்றது.

என் தோழியார் இன்று வேறோர் ஊரில் நூலகராய்ப் பணியாற்றுகின்றார். சென்ற விடுமுறையில் அவரைக் காணச் சென்றிருந்தேன். தரைத்தளத்தில் அமைந்த நூலகம். அலமாரிகள் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. வாயிலில் சாய்தளம் அமைக்க மூன்றாண்டுகள் மனு எழுதியதாகச் சிரித்துக்கொண்டே கூறினார். புதிய ஏடுகளை வாங்குகின்றாரா என்று கேட்டேன். இல்லை என்றார். தாய்மாமன் அனுப்பிய பழைய சுவடிகளைக் கட்டித் தம் மேசையறையில் வைத்திருந்தார். அவற்றுள் 1996-ஆம் ஆண்டுக் கதையின் அட்டை தேய்ந்து, தாள் ஒட்டப்பட்டிருந்தது. அண்மையில் விபத்துற்ற பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு அதனைப் படிக்கக் கொடுத்தாராம். “திருப்பித் தரவேயில்லை; நானும் கேட்கவில்லை, அவளாகவே நேற்றுத்தான் கொண்டுவந்தாள்” என்றார்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவருள் சிலர் எழுத்தாளராகலாம், சிலர் பதிப்பாசிரியராகலாம், பலர் ஆசிரியராகிப் பிறர் உள்ளத்திற்கு நூல் தேர்ந்து தருவோராகலாம். அவர்கட்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஒரு கதைமாந்தரின் உரிமைப் பத்திரம் உங்கள் பெட்டகத்தில் இருக்கலாம். அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அக்கதைமாந்தரைத் துணையாகக் கொண்டு நாட்களைக் கடத்தும் ஒருவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கின்றார் என்பதை எண்ணிப் பார்த்தபின் பேனாவை எடுங்கள். எடுத்தபின் எதனை மாற்றினும், அவரிடம் நேரில் நின்று காரணம் கூறக்கூடியவாறு மாற்றுங்கள்.